சரிந்த பந்தலும் சந்தேக சிம்மாசனமும்

கிரீஷ் கார்னாடின் 'துக்ளக்' ஒரு கிறுக்கு ராஜாவின் கதை அல்ல. எப்படி வந்தது என்று யாரும் நம்பாத பதவியின் கதை.

வங்காளப் படையெடுப்பை முடித்துக்கொண்டு திரும்பிய முதிய சுல்தானை வரவேற்க டெல்லிக்கு அருகே அஃப்கான்பூரில் அவசர அவசரமாக ஒரு மரப் பந்தல் எழுப்பப்பட்டது. ஆண்டு 1325. விருந்து முடிந்தது. மூத்த மகன் வெளியே வந்தார். யானைகள் அணிவகுத்து வந்தன. பந்தல் சரிந்தது. உள்ளே இருந்த சுல்தான் கியாசுதீன் துக்ளக்கும் அவருடைய செல்லப் பிள்ளையான இளைய மகன் மகமூதும் நசுங்கிச் செத்தார்கள். வெளியே நின்ற மூத்தவர் அரியணை ஏறினார். அவர்தான் முகமது பின் துக்ளக்.

விபத்தா, கொலையா? ஏழு நூற்றாண்டுகளாகியும் வழக்கு முடியவில்லை. சாட்சிகள் மூன்று பேர். மூவருமே சொந்தக் கணக்கு வைத்திருந்தவர்கள். சுல்தானின் அரசவையில் 17 ஆண்டுகள் நெருங்கிப் பழகிய ஜியாவுதீன் பரனி, வானத்திலிருந்து விழுந்த பேரிடி என்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறார். மொராக்கோ பயணி இபன் பதூதா டெல்லிக்கு வந்ததே சம்பவம் நடந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான். ஆனால் பந்தலில் இருந்த சூஃபி ஞானி ருக்னுதீன் தன்னிடம் சொன்னதாக அவர் தரும் விவரங்கள் சங்கடமானவை. தொழுகை நேரமாகிவிட்டது என்று இளவரசரே ஞானியை வெளியே அனுப்பியிருக்கிறார். யானைகள் ஒரு பக்கமாக மிதித்தால் விழும்படி பந்தல் கட்டப்பட்டிருந்தது. இடிபாடுகளைத் தோண்டும் வேலை வேண்டுமென்றே தாமதமானது. மூன்றாமவரான கவிஞர் இசாமி குற்றத்தை நேரடியாகவே சுமத்துகிறார். ஆனால் அவர் தன் காவியத்தை எழுதியது துக்ளக்கிடமிருந்து பிரிந்துபோன பாமினி சுல்தானின் நிழலில். அவருடைய 90 வயதுத் தாத்தா, டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்குத் துரத்தப்பட்ட கூட்டத்தில் வழியிலேயே உயிரை விட்டவர்.

பிற்கால வரலாற்று ஆசிரியர்களும் இரண்டு கட்சிகளாகத்தான் நிற்கிறார்கள். சதிதான் என்றார் ஈசுவரி பிரசாத். இல்லை, விபத்துதான் என்று வாதாடினார் மஹதி ஹுசைன். நீதிமன்றமாக இருந்தால் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்திருக்கும். ஆனால் அரியணைக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. சந்தேகம் இருக்கிறது என்பதே அங்கே தண்டனை.

இந்த இடத்தில்தான் கிரீஷ் கார்னாட் கைவைத்தார். 1938-ல் பிறந்த கார்னாட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1963-ல் திரும்பி, சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிடி பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1964-ல் கன்னடத்தில் 'துக்ளக்' வெளிவந்தபோது அவருக்கு வயது 26. கன்னடத்தில் சரித்திர நாடகம் என்றால் ஜரிகை உடையும் வீர வசனமும்தான் என்று விமர்சகர் கீர்த்திநாத் குர்தகோட்டி குறைப்பட்டுக்கொண்டதை அவர் ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டார். வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியபோது சிக்கியவர் துக்ளக். தத்துவம், கணிதம், வைத்தியம், கவிதை என்று எல்லாம் கற்ற ஒரு மேதை. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நீதி என்று பேசியவர். 26 ஆண்டுகளில் சாம்ராஜ்யத்தைச் சிதறடித்துவிட்டுப் போனவர்.

நாடகத்துக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்தது. நேரு யுகத்தின் கனவும் சரிவும்தான் துக்ளக் என்றார்கள். நாடகம் வெளியான அதே 1964-ல் நேரு மறைந்தார். லட்சியத்தில் தொடங்கி ஏமாற்றத்தில் முடிந்த இரண்டு காலங்களுக்கும் இடையிலான ஒற்றுமையைக் கார்னாடே பின்னாளில் சுட்டிக்காட்டியிருக்கிறார். அதன் பிறகு கல்லூரி நோட்ஸ்களில் இந்த விளக்கம் கல்வெட்டாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கும் இது பத்து மார்க் கேள்வி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நேருவின் பதவி சந்தேகத்தில் பிறந்ததல்ல. மூன்று பொதுத் தேர்தல்களில் மக்கள் கொடுத்தது. 'உனக்கு இங்கே உட்கார என்ன உரிமை' என்று அவரை யாரும் கேட்டதில்லை. நாடகத்தின் சுல்தானோ அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நாள்கூடத் தப்ப முடியாதவர். முதல் காட்சியில் தெருவில் நிற்பவர்கள் அதைப் பேசுகிறார்கள். ஊர் ஊராகப் போய் ஷேக் இமாமுதீன் அதைப் பிரசங்கம் செய்கிறார். சொந்தச் சிற்றன்னைக்கே அந்தச் சந்தேகம் உண்டு. நேரு விளக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், நாடகத்தின் அச்சாணி கண்ணில் படாமலே போய்விடும்.

முதல் காட்சியையே பார்க்கலாம். தன் நிலத்தை அதிகாரிகள் அநியாயமாகப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு பிராமணன் சுல்தான் மீதே வழக்குப் போடுகிறான். காஜி அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல, சுல்தான் தலை வணங்குகிறார். தன் நிர்வாகத்தில் அவனுக்கு வேலையும் போட்டுக் கொடுக்கிறார். இதற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. ஒரு இந்துப் பிரமுகர் தொடுத்த வழக்கில் சுல்தான் ஆயுதம் இல்லாமல் நடந்துபோய் காஜி முன் நின்றதை இபன் பதூதா எழுதியிருக்கிறார். நாடகத்தில் வழக்குத் தொடுத்தவன் உண்மையில் பிராமணனே அல்ல. அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி. சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்து வேஷம் கட்டி வந்தவன். நியாயவான் என்று உலகத்துக்கு நிரூபிக்க சுல்தான் துடிக்கும் துடிப்பு, ஒரு மோசடிக்காரனின் முதலீடாகிவிடுகிறது.

நேர்மையான வழியில் பதவிக்கு வந்தவர் தப்பு செய்தால் மக்கள் திட்டுவார்கள். அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். சந்தேகத்தில் வந்தவர் நல்லது செய்தாலும் 'எதை மறைக்க இதைச் செய்கிறான்' என்று கேட்பார்கள். வரியைக் குறைத்தாலும் சூழ்ச்சி, சமநீதி என்றாலும் சூழ்ச்சி. அதனால் அடுத்த நிரூபணம் இன்னும் பெரியதாக இருந்தாக வேண்டும். தலைநகரையே மாற்ற வேண்டும். செம்பு நாணயத்தை வெள்ளி நாணயமாக நம்பச் சொல்ல வேண்டும். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். துக்ளக்கிடம் காசு இருந்தது, மற்றது மீது ஊருக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்கு வீடு கள்ள நாணயம் அடித்தார்கள். நாடகத்தில் அந்தச் செல்லாக் காசுகள் சுல்தான் ஆசையாகத் திட்டமிட்ட ரோஜாத் தோட்டத்தில் குவிகின்றன.

பதூதாவின் குறிப்பில் வரும் 'தொழுகை நேரம்' என்ற சின்ன விவரம் நாடகம் முழுக்க ஓடுகிறது. தொழுகை வேளையில் அப்பனைக் கொன்றவன் என்பது ஊர்ப் பேச்சு. அதே தொழுகை வேளையில் சுல்தானைத் தீர்த்துக்கட்ட அமீர்கள் திட்டம் போடுகிறார்கள். சுல்தான் முந்திக்கொள்கிறார். சதிக்குத் தலைமை தாங்கிய ஷிஹாபுதீனைத் தன் கையாலேயே குத்திக் கொல்கிறார். உடனே அடுத்த உத்தரவு: சுல்தானைக் காப்பாற்றும் முயற்சியில் ஷிஹாபுதீன் வீரமரணம் அடைந்தான் என்று அறிவித்து ராஜ மரியாதையுடன் அடக்கம் செய்ய வேண்டும். கொலையை விட அந்த அறிவிப்புதான் பயங்கரம். அதோடு நாட்டில் தொழுகைக்கே தடை விழுகிறது.

தொழுகைத் தடை கார்னாடின் கற்பனை என்று பலரும் நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையையும் பெருநாள் தொழுகைகளையும் சுல்தான் சில காலம் நிறுத்திவைத்ததாகப் பரனியே எழுதுகிறார். ஆனால் காரணம் வேறு. கலீபாவின் அங்கீகாரம் இல்லாத சுல்தானின் ஆட்சி செல்லாது, அது கிடைக்கும்வரை தொழுகை இல்லை என்பது அவர் வாதம். சரித்திர துக்ளக் தொழுகையை நிறுத்தியது உரிமைச் சீட்டு கையில் இல்லாததால். நாடக துக்ளக் நிறுத்தியது கத்திக்குப் பயந்து. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

அந்த உரிமைச் சீட்டுக்காக அவர் பட்ட பாடு நாடகத்தையும் மிஞ்சக்கூடியது. பாக்தாத் கலீபாவை மங்கோலியர்கள் 1258-லேயே கொன்றுவிட்டார்கள். அந்த வம்சத்தின் மிச்சம் கெய்ரோவில் மம்லுக் சுல்தான்கள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. ராணுவமும் கிடையாது, நாடும் கிடையாது. இந்தியாவின் பெரும்பகுதியை ஆண்டவர் அவரிடம் கையேந்தினார். 1340-களின் தொடக்கத்தில் தன் பெயரை எடுத்துவிட்டுக் கலீபா முஸ்தக்ஃபியின் பெயரில் நாணயம் அடித்தார். அப்போது அந்த முஸ்தக்ஃபி ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். சேதி டெல்லிக்கு வந்து சேரும்வரை இறந்தவரின் பெயரில் காசு செலாவணியானது. 1344-ல் கெய்ரோவிலிருந்து தூதர் அங்கியும் பட்டயமும் கொண்டுவந்தபோது சுல்தான் வெறுங்காலுடன் எதிர்கொண்டு போனார்.

அப்பாசிய வம்சத்தைச் சேர்ந்த கியாசுதீன் என்பவர் டெல்லிக்கு வந்தபோது நடந்ததை பதூதா விவரிக்கிறார். ஏதோ ஒரு மரியாதைக் குறைவுக்காக வருத்தப்பட்ட விருந்தாளியைச் சமாதானப்படுத்த, சுல்தான் தரையில் படுத்து, அவருடைய காலைத் தன் கழுத்தின் மேல் வைக்கச் சொன்னாராம். அந்த விருந்தாளியோ கஞ்சத்தனத்துக்குப் பேர் போனவர் என்கிறார் பதூதா. கார்னாட் இதை எடுத்து ஒரு முறுக்கு முறுக்குகிறார். நாடகத்தில், வரும் வழியிலேயே கியாசுதீனைக் கொன்றுவிட்டு அவருடைய அங்கியைப் போட்டுக்கொண்டு வருபவன் அதே அஜீஸ். ஊர் பார்க்கச் சுல்தான் அவன் காலில் விழுகிறார். தன் அரியணைக்கு ஒரு புனிதச் சான்றிதழ் வாங்கப் போனவருக்குப் போலிச் சான்றிதழ்தான் கிடைக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் தண்டிக்க முடியவில்லை. தண்டித்தால் ஊருக்கு என்ன சொல்வது? கடைசியில் அஜீஸுக்குத் தெற்கே ராணுவப் பதவி கிடைக்கிறது.

இந்த முடிவுக்கு மேடை அமைப்பே வழி போட்டுக் கொடுக்கிறது. பார்சி கம்பெனிகளின் பழைய முறையைக் கார்னாட் கடன் வாங்கினார். முன்னால் ஒரு படுதாவை விட்டு அதன் முன் தெருக் காட்சியும் காமெடியும். அது நடக்கும்போது பின்னால் தர்பார் செட்டைத் தயார் செய்வார்கள். தமிழ்நாட்டுக் கம்பெனி நாடகங்களும் இதே உத்தியில்தான் ஓடின. ராஜபார்ட் வேறு, பபூன் வேறு. இருவருக்கும் உரிய இடம் வேறு. 'துக்ளக்'கில் 13 காட்சிகளின் ஓட்டத்தில் இந்த எல்லை மெல்ல அழிகிறது. கடைசிக் காட்சியில் படுதாவுக்கு முன்னால் நிற்க வேண்டிய அஜீஸ் தர்பாருக்குள் வந்து சுல்தானுக்குச் சமமாகப் பேசுகிறான். நாட்டில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இந்த மோசடிக்காரன்தான் என்று சுல்தானுக்குத் தெரிந்துவிடுகிறது.

நாடகம் எழுதப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே தமிழில் இன்னொரு துக்ளக் வந்தார். சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' 1968-ல் மேடையேறியது. 1971-ல் சினிமாவானது. 1970-ல் சோ தொடங்கிய பத்திரிகைக்கும் அதே பெயர். இரண்டு நாடகங்களையும் ஒப்பிடுவது வழக்கமில்லை. ஒன்று துயர நாடகம், மற்றது அரசியல் கேலி. ஆனால் இரண்டிலும் நடுவில் இருப்பது ஆள்மாறாட்டம். கார்னாடிடம் ஒரு போலி கலீபா வம்சத்தானாக வந்து சுல்தானை ஏமாற்றுகிறான். சோவிடம் கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லும் போலி துக்ளக்கே பிரதமராகிவிடுகிறார். பதவியில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று விசாரிக்காமலே கைதட்டும் கூட்டம் இரண்டிலும் உண்டு.

சுல்தானுக்குத் தமிழ் மண்ணோடு நேரடிக் கணக்கும் இருந்தது. அவர் மாபாருக்கு அனுப்பிய ஆளுநர் ஜலாலுதீன் அஹ்சன் 1330-களின் நடுவில் மதுரையில் தனி சுல்தானாகிவிட்டார். அடக்கப் புறப்பட்ட படையை வாரங்கலில் கொள்ளைநோய் மடக்கியது. 1336-ல் விஜயநகரம், 1347-ல் பாமினி என்று தெற்கு கைநழுவியது. முதல் கிளர்ச்சியே சொந்த அத்தை மகன் பகாவுதீன் குர்ஷாஸ்பிடமிருந்து வந்தது. அவர் தப்பியோடித் தஞ்சம் புகுந்ததும் தெற்கே கம்பிலியில்தான். பிறப்பில் சந்தேகம் உள்ள ஆட்சியை, தூரத்தில் இருப்பவன்தான் முதலில் உதறுகிறான்.

மேடையில் இந்த சுல்தானுக்குக் கிடைத்த வாழ்வு சரித்திரத்தில் கிடைக்கவில்லை. பி.வி. காரந்தின் இந்துஸ்தானி மொழிபெயர்ப்பில் நாடகம் தேசிய நாடகப் பள்ளிக்குப் போனது. 1970-ல் மும்பையில் அலிக் பதம்ஸி ஆங்கிலத்தில் போட்டபோது துக்ளக்காக நடித்தவர் கபீர் பேடி. 1970-களில் டெல்லி புரானா கிலாவின் இடிபாடுகளுக்கு நடுவே இப்ராகிம் அல்காஸி இயக்க, மனோகர் சிங் சுல்தானாக நின்றார். அந்த வேடத்தின் பேச்சு வரும்போது முதலில் சொல்லப்படுவது இன்றும் அவர் பெயர்தான். கன்னடத்தில் சி.ஆர். சிம்ஹா. 2012-ல் பானு பாரதி இதை ஃபெரோஸ் ஷா கோட்லாவில் அரங்கேற்றினார். துக்ளக்குக்குப் பிறகு அரியணை ஏறிய ஃபிரோஸ் கட்டிய கோட்டை அது.

மேடையின் இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. வரலாறு தீர்ப்பை ஒத்திவைத்த வழக்கில் நாடகம் தீர்ப்பு எழுதிவிட்டது. கார்னாடின் சுல்தான் தகப்பனையும் தம்பியையும் கொன்றதைச் சிற்றன்னையிடம் தானே ஒப்புக்கொள்கிறார். ஒரு லட்சியத்துக்காகக் கொன்றேன் என்கிறார். பார்த்துவிட்டு எழுந்து போகிறவர் மனதில் பரனியும் பதூதாவும் இல்லை, மனோகர் சிங்தான் இருப்பார். நாடகாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. இறந்தவருக்கு மறுப்பு அறிக்கை விடும் வசதி இல்லை என்பதையும் பார்வையாளர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது அந்தப் பொறுப்பு கூடியிருக்கிறது. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்பு வரலாற்றில் டெல்லி சுல்தான்கள் பற்றிய பகுதிகளைக் குறைத்தது. 2025-ல் வெளியான புதிய ஏழாம் வகுப்பு நூலின் முதல் பாகத்தில் அவர்கள் இல்லை. எட்டாம் வகுப்பு நூலில், கொடுமைகளை அழுத்திச் சொல்லும் தொனியில் திரும்பி வந்தார்கள். இன்னொரு பக்கம், எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைத் திட்டவும் ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைத் திட்டவும் 'துக்ளக் தர்பார்' என்ற ஒரே வசவு போதுமானதாக இருக்கிறது. பாடத்தில் சுருங்கி, வசவில் பெருத்துப்போன ஒரு மன்னனை மனிதனாகச் சந்திக்க மிஞ்சியிருக்கும் சில இடங்களில் இந்த மேடையும் ஒன்று. கார்னாட் அவரைக் கொலைகாரர் என்றார், ஆனால் கோமாளி ஆக்கவில்லை. கொடியவர் என்றார், ஆனால் அவர் மதத்தின் கணக்கில் எழுதவில்லை. 2019-ல் கார்னாட் மறைந்தார். இந்த நிதானம் அதன் பிறகு மலிந்துவிடவில்லை.

நாடகத்தில் இடம் பெறாத ஒரு பின்கதை உண்டு. அஃப்கான்பூர் பந்தலைக் கட்டியவர் என்று இபன் பதூதா பெயர் சொல்லும் அதிகாரி அகமது பின் அயாஸ். புதிய ஆட்சியில் அவர் குவாஜா ஜஹான் என்ற பட்டத்துடன் தலைமை வஜீரானார். 1351-ல் சிந்துவில் தட்டா அருகே சுல்தான் காய்ச்சலில் இறந்தபோது, டெல்லியில் இருந்த இந்தக் கிழவர் ஒரு சிறுவனைக் காட்டி, இவன் சுல்தானின் மகன் என்று அரியணையில் ஏற்றினார். படையோடு இருந்தவர்கள் சுல்தானின் சித்தப்பா மகன் ஃபிரோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சிறுவன் மகனே அல்ல என்றார்கள். வஜீரின் தலை போனது. அந்தக் குழப்பத்தில் அரசவைத் தயவை இழந்த பரனி, வறுமையில் உட்கார்ந்துதான் தன் சரித்திரத்தை எழுதி முடித்தார். பந்தலில் தொடங்கிய ஆட்சி, பந்தல் போட்டவரின் கையாலேயே இன்னொரு வாரிசுத் தகராறில் முடிந்தது.

ஃபிரோஸ் ஒரு விசித்திரமான வேலை செய்தார். முகமதுவால் கொல்லப்பட்டவர்களின் வாரிசுகளையும், கை கால் கண் இழந்தவர்களையும் தேடிப் பிடித்து, பொருள் கொடுத்து, 'மன்னித்துவிட்டோம்' என்று சாட்சிக் கையெழுத்துடன் எழுதி வாங்கினார். அந்தக் கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு முகமதுவின் சமாதியில் தலைமாட்டில் வைத்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். துக்ளகாபாத்தில் சாய்ந்த சுவர்களும் வெள்ளை விதானமும் கொண்ட கியாசுதீனின் சமாதிக்குள் இன்று மூன்று கல்லறைகள் இருக்கின்றன. ஒன்று முகமதுவுடையது என்று நம்பப்படுகிறது. அப்படியானால் பந்தலில் செத்த தகப்பனும் பந்தலுக்கு வெளியே நின்ற மகனும் ஒரே கூரையின் கீழ்தான் படுத்திருக்கிறார்கள்.

பெட்டியில் எத்தனையோ பேரின் மன்னிப்புக் கடிதம் இருந்தது. பக்கத்தில் படுத்திருப்பவரிடம் மட்டும் யாராலும் எழுதி வாங்க முடியவில்லை.